தெனெரிஃபேயில் ஓர் ஆளுக்கான சாப்பாடு

ஜனவரி 5ஆம் தேதி மாலை, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான தெனெரிஃபேயில் இறங்கினேன். நான் இறங்கிய விமான நிலையம் தீவின் தெற்கில் இருக்கிறது. நான் வாடகைக்கு எடுத்திருந்த அபார்ட்மென்ட் வடக்குக் கரையில், புவெர்தோ தெ லா குரூஸ் என்ற ஊரில். 343ஆம் எண் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் கூட்டம். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. ராஜா வேடம் போட்டவர்கள் மிட்டாய்களை வாரி வீச, குழந்தைகள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். பெட்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நானும் வெகுநேரம் நின்று பார்த்தேன். கடைக்குப் போவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஜனவரி 6. ஸ்பெயினில் அது பொது விடுமுறை. குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் பெரிய நாளும் அதுதான். என் தெருவில் எல்லாக் கடைகளும் சாத்தியிருந்தன. சமையலறை அலமாரியில் முன்பு தங்கியவர் விட்டுப்போன உப்புப் பாக்கெட்டும் கொஞ்சம் வினிகரும் மட்டும் இருந்தன. பசியோடு அரை மணி நேரம் நடந்து, சதுக்கத்துப் பக்கம் திறந்திருந்த ஒரு காஃபிக் கடையில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டேன். தனியாகப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காலண்டர் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. இரண்டு பேராகப் போனால் ஒருவர் பெட்டியோடு நிற்க, மற்றவர் கடைக்கு ஓடலாம். தனி ஆளுக்கு அந்த வசதி கிடையாது.

குளிர்காலத்தில் அங்கே விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். டிசம்பர் 6, 8, 25, ஜனவரி 1, 6. இவை ஸ்பெயின் முழுவதற்கும். பிப்ரவரி 2 கேண்டலாரியா மாதா திருநாள், தெனெரிஃபே தீவுக்கு மட்டும் உரிய விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறக்காத கடைகளும் நிறைய. ஆகவே முதல் 24 மணி நேரத்துக்கு வேண்டியது பெட்டியிலேயே இருக்கட்டும்: தேயிலை, ஓட்ஸ், கொஞ்சம் பருப்பு வகை, சிறு பொட்டலத்தில் சீரகமும் மிளகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவர முடியாது. மசாலாப் பொடிகளுக்கு அந்தத் தடை இல்லை.

இனி வெளியே சாப்பிட்ட கதை. முதல் வாரம் ஒரு நாள் இரவு, நன்றாக உடுத்திக்கொண்டு கடலோரத்தில் ஓர் உணவகத்துக்குப் போனேன். ஏழு மணிக்கு சமையலறையே திறக்கவில்லை. எட்டுக்குத் திரும்பிப் போனபோது "ஒருவரா?" என்று இரண்டு முறை கேட்டார்கள். காலியான மேசைகள் கண்ணுக்கு முன்னால் இருக்க, கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையைக் காட்டினார்கள். எனக்குப் பிடித்த சோற்று வகைகள் எல்லாவற்றுக்கும் நேரே 'குறைந்தது இருவர்' என்று அச்சிட்டிருந்தது. சுற்றிலும் ஜோடிகளும் குடும்பங்களும். மீன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அறைக்கு நடந்து வரும்போது தொண்டை அடைத்தது. மூன்று வாரத்தை இப்படி எப்படி ஓட்டப் போகிறோம் என்ற பயம் வந்தது.

அடுத்த நாள் மதியம் ஒன்றரை மணிக்கு, தற்செயலாக ஒரு சாதாரண சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். வாசலில் கரும்பலகை, சுண்ணக்கட்டியில் எழுதிய பட்டியல். உள்ளே பஸ் ஓட்டுநர் ஒருவர் சீருடையோடு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து வந்தவர் போல ஒரு பெண் சூப்பைக் குடித்தபடி செய்தித்தாளைப் புரட்டினார். பெயின்ட் கறை படிந்த சட்டையோடு ஒருவர், சுவர் ஓரம் வயதானவர் ஒருவர். பாதி மேசைகளில் ஒற்றை ஆட்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பணிப்பெண் என்னிடம் எத்தனை பேர் என்று கேட்கவே இல்லை. ரொட்டியை வைத்துவிட்டு "குடிக்க என்ன?" என்றார்.

அதுதான் எனக்கு வழி காட்டியது. அங்கே மதியச் சாப்பாடுதான் நாளின் பெரிய சாப்பாடு. வேலைக்கு நடுவில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற வேளை என்பதால் தனியாக உட்காருவது மிகச் சாதாரணம். இரவுச் சாப்பாடு கூடிப் பேசுவதற்கான வேளை. நான் அதுவரை தைரியம் போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். மாற்ற வேண்டியிருந்தது நேரம் மட்டும்தான். அன்று முதல் மதியம் வெளியே, இரவு அறையில் என்று வைத்துக்கொண்டேன். மீதி நாட்கள் முழுக்க அந்த ஒழுங்கு என்னைக் காப்பாற்றியது.

அந்த மதியச் சாப்பாட்டின் பெயர் மெனு தெல் தியா, அதாவது அன்றைய சாப்பாடு. பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை கிடைக்கும். முதல் வகையில் ஒன்று, இரண்டாம் வகையில் ஒன்று தேர்ந்தெடுக்கலாம். ரொட்டி, ஒரு பானம், கடைசியில் இனிப்போ காஃபியோ எல்லாம் ஒரே விலைக்குள் அடங்கும். நான் போன கடைகளில் 12 முதல் 14 யூரோ ஆனது. அதைச் சாப்பிட்டால் இரவுக்கு ஒரு சூப் போதும். ஒரு மணி முதல் நான்கு வரை பரிமாறுவார்கள், ஆனால் ஒன்றேகால் மணிக்கே போய்விடுவது நல்லது. இரண்டரைக்குப் போனால் நல்ல அயிட்டத்தின் மேல் கோடு போட்டிருப்பார்கள்.

அந்த ஊரில் நான் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கியது பொத்தாஹே தெ பெர்ரோஸ். வாட்டர்கிரெஸ் கீரையை உருளைக்கிழங்கு, பீன்ஸ், சோளத்தோடு சேர்த்து நன்றாக வேகவைத்த கெட்டிக் குழம்பு அது. மேலே ஒரு கரண்டி கோஃபியோ தூவிக் கிளறிக்கொள்ளலாம். கோஃபியோ என்பது வறுத்து அரைத்த தானிய மாவு. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்தே தீவின் பழங்குடி மக்கள் சாப்பிட்டுவந்த உணவு. காற்றும் மழையுமாக இருக்கிற நாளில் அந்தக் குழம்பு உடம்புக்குள் போனால் வரும் நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. வடக்குக் கரையில் அப்படிப்பட்ட நாட்கள் உண்டு. வடகிழக்கிலிருந்து வரும் காற்று தெய்தே மலையின் சரிவில் மோதி மேகமாகத் தங்கிவிடுவதால் வடக்கு பச்சையாகவும் ஈரமாகவும் இருக்கும், தெற்கு காய்ந்து வெயிலாக இருக்கும். ஜனவரியில் கரையோரத்தில் பகலில் 20 டிகிரி சுற்றி இருந்தாலும், இரவில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. பல அபார்ட்மென்ட்களில் ஹீட்டரும் கிடையாது. வெயில் மட்டும் வேண்டுமென்றால் தெற்கில் தங்கலாம். எனக்குச் சாப்பாட்டுக்காக வடக்குதான் பிடித்தது, உள்ளூர் மக்கள் அன்றாடம் சாப்பிடும் கடைகள் அங்கே நடக்கிற தூரத்தில் இருந்தன.

தனி ஆளுக்கு உதவும் இரண்டு ஸ்பானியச் சொற்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று 'மெதியா ராசியோன்', அரைப் பங்கு. பகிர்ந்து சாப்பிடுவதற்காக வரும் பெரிய தட்டுகளைப் பல கடைகளில் பாதியாகவும் தருவார்கள், பட்டியலில் எழுதியிருக்காவிட்டாலும் கேட்கலாம். இன்னொன்று 'பாரா யேவார்', எடுத்துப்போக. மிச்சத்தைக் கட்டித் தரச் சொன்னால் யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் பையில் எப்போதும் மூடி போட்ட ஒரு சின்ன டப்பா வைத்திருந்தேன். பாதி இரவுச் சாப்பாடுகள் அந்த டப்பாவில்தான் வந்து சேர்ந்தன. குடிக்கத் தண்ணீர் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று ஸ்பெயினில் 2022இல் சட்டமே வந்திருக்கிறது.

குவாச்சின்சே பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வடக்கு தெனெரிஃபேயில் திராட்சை பயிரிடும் குடும்பங்கள் தங்கள் சொந்த வைனை விற்பதற்காக வீட்டு முற்றத்திலோ கொட்டகையிலோ நாலு மேசை போட்டு, வீட்டுச் சமையலும் கொடுப்பார்கள். அந்த இடத்துக்குத்தான் இந்தப் பெயர். 2013இல் கேனரித் தீவுகளின் அரசு இதற்கு விதி வகுத்தது: சொந்த அறுவடையில் வந்த வைன் மட்டுமே விற்கலாம், உணவு மூன்று வகைக்கு மேல் கூடாது, வருடத்தில் அதிகபட்சம் நான்கு மாதம்தான் திறந்திருக்கலாம். நவம்பர் கடைசியில் சான் அந்த்ரேஸ் திருநாளையொட்டிப் புது வைன் திறப்பார்கள். அதனால் குளிர்காலத்தில் போகிறவர்களுக்குத்தான் இது வாய்க்கும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வருடம் முழுவதும் நடக்கும் சாதாரண உணவகங்களும் உண்டு. நீளமான பட்டியலை நீட்டினால் அது வேறு வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரொதாவா பள்ளத்தாக்கில் மேடான ஒரு பகுதிக்கு பஸ்ஸில் போய், விசாரித்து விசாரித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். காகிதம் விரித்த மேசை, மூன்றே உணவு. தனியாகப் போனவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! என்ன வாங்குவது, யாரோடு பகிர்வது என்ற குழப்பமே இல்லை. கொண்டைக்கடலையைப் பன்றி இறைச்சியோடு வேகவைத்த கர்பான்சாஸ் வாங்கினேன். அரைப் பங்கே வயிறு கொள்ளாத அளவு வந்தது. இடம் குறைவு என்பதால் எதிரே ஒரு பெரியவரை உட்காரவைத்தார்கள். என் ஸ்பானியம் பத்து வார்த்தைதான். அவர் தன் தட்டிலிருந்த பிசைந்த கோஃபியோவில் ஒரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்து, மேலே தேன் போல இருந்த எதையோ ஊற்றிச் சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினார். அது லா கோமேரா தீவின் பனைத் தேன் என்று பிறகு தெரிந்தது. ஒரு மணி நேரம் அதிகம் பேசாமலேயே சேர்ந்து சாப்பிட்டோம். அந்த மூன்று வாரத்தில் நான் யாரோடாவது சேர்ந்து சாப்பிட்டது அன்று ஒரு நாள்தான்.

போகிறவர்கள் திரும்பி வரும் பஸ் நேரத்தை இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பஸ்ஸுக்கு 'குவாகுவா' என்று பெயர், அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் எளிதாக வழி சொல்வார்கள். மலைப்பக்கம் மாலையில் வண்டிகள் குறைவு, இருட்டில் வளைந்த சாலையில் தனியாக நடப்பது சரியில்லை. இன்னொன்று, ஞாயிறு மதியம் வேண்டாம். அன்று குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு பேராக வந்து மாலைவரை உட்காருவார்கள். ஞாயிறு எனக்குச் சமையல் நாள்.

சமையலறையைப் பற்றி. போனவுடன் எல்லா அலமாரிகளையும் திறந்து பார்த்து, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிடுங்கள். என் அறையில் கண்ணாடி மேல்பரப்புள்ள மின் அடுப்பு. பூட்டுப் படத்தின் மேல் சில நொடி விரலை அழுத்தி வைத்தால்தான் வேலை செய்யும் என்பது தெரியாமல் ஒரு காலை முழுவதும் போராடினேன். பாத்திரங்கள் ஆறு பேருக்குச் சமைக்கிற அளவு. கத்தி மொட்டை. மூன்று யூரோவுக்கு ஒரு சின்னக் கத்தி வாங்கியது அந்தப் பயணத்திலேயே மிகவும் பயன்பட்ட செலவு.

குடிதண்ணீருக்கு உள்ளூர்க்காரர்கள் பலரும் 5 அல்லது 8 லிட்டர் கேன்தான் வாங்குகிறார்கள். தீவின் தண்ணீரில் பெரும்பகுதி எரிமலைப் பாறையைக் குடைந்த சுரங்கங்களிலிருந்து வருகிறது, வடக்கில் சில ஊர்களில் அதில் ஃப்ளூரைடு அதிகம். தனியாகத் தூக்குகிறவர்களுக்கு 5 லிட்டரே சரி. மூன்றாம் மாடிக்கு 8 லிட்டரைத் தூக்கிய அன்று இரவு தோள் வலியில் தூக்கம் வரவில்லை.

முதல் தடவை சூப்பர்மார்க்கெட் போனபோது பசியில் ஒரு குடும்பத்துக்கு வாங்குவதுபோல வாங்கிவிட்டேன். பெரிய ரொட்டி, ஒரு கிலோ அரிசி, முழு லெட்டூஸ். பாதியைக் குப்பையில் போடும்போது மனம் கேட்கவில்லை. அப்புறம் இரண்டு நாளைக்கு மேல் எதையும் வாங்கவில்லை. காய்கறிப் பகுதியில் பிளாஸ்டிக் கையுறை வைத்திருப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். சில கடைகளில் விலைப்பலகையில் உள்ள எண்ணைத் தராசில் அழுத்தி நாமே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்புவார்கள். ஒரே ஒரு தக்காளி, ஒரே ஒரு வெங்காயம் எடுக்கலாம், யாரும் எதுவும் சொல்வதில்லை. மீன் பகுதியில் ஒரு விரலைக் காட்டினால் ஒரே துண்டு வெட்டித் தருவார்கள்.

ஜனவரியில் தக்காளி, ஆரஞ்சு, பப்பாளி, அவகாடோ எல்லாமே தீவிலேயே விளைந்தவை. வாழைப்பழம் சிறியது, தோலில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், அது அந்த வகையின் இயல்பு, அழுகல் இல்லை. பழுத்தது ஒன்று, அரைப்பழம் ஒன்று, காய் ஒன்று என்று பிரித்து எடுத்தால் மூன்று நாளைக்கு வரும்.

எனக்கு மிகவும் கைகொடுத்தவை மூன்று. முதலாவது கண்ணாடி ஜாடியில் வரும் வேகவைத்த கொண்டைக்கடலை. வடித்தால் 400 கிராம், சரியாக இரண்டு வேளை. முதல் நாள் பூண்டும் கீரையும் போட்டு வதக்கினேன், மறுநாள் டப்பாவில் வந்த மிச்ச இறைச்சியோடு சேர்த்துப் புரட்டினேன். மிச்சத்தைக் கொண்டைக்கடலையோடு புரட்டுவது அங்கேயே பழைய வழக்கம், 'ரோப்பா வியேஹா' என்று அதற்குப் பெயரும் உண்டு, பழந்துணி என்று பொருள்.

இரண்டாவது கோஃபியோ. ஏற்கெனவே வறுத்த மாவு என்பதால் சமைக்க வேண்டியதே இல்லை, சூடான பாலில் கலக்கினால் காலை உணவு ஆயிற்று. அரைக் கிலோ பாக்கெட் மூன்று வாரத்துக்கும் வந்தது. அதன் வறுத்த வாசனை முதல் நாள் பிடிக்காது, நான்காம் நாள் தேடும்.

மூன்றாவது சுருங்கிய உருளைக்கிழங்கு, பாப்பாஸ் அருகாதாஸ். உணவகத்தில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், ஆனால் தனி ஆள் அறையில் செய்துகொள்ள இதைவிட எளிய சாப்பாடு கிடையாது. மிகச் சின்னக் கிழங்காக 300 கிராம் எடுத்துத் தோலோடு கழுவிக்கொள்ளுங்கள். மூழ்குகிற அளவு மட்டும் தண்ணீர், குவித்து இரண்டு கரண்டி கல் உப்பு. இவ்வளவு உப்பா என்று தயங்க வேண்டாம், தோல் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, அதே பாத்திரத்தை மெல்லிய சூட்டில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருங்கள். ஈரம் வற்ற வற்றத் தோல் சுருங்கி, மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். தோலோடு அப்படியே சாப்பிட வேண்டும்.

தொட்டுக்கொள்ளப் பச்சை மோஹோ. ஒரு பிடி கொத்தமல்லி, ஒரு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம், உப்பு, மூன்று கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு கரண்டி வினிகர். உரல் இல்லாவிட்டால் தடிமனான கோப்பையில் போட்டுக் கரண்டிக் காம்பால் நசுக்கலாம், நான் அப்படித்தான் செய்தேன். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். சுட்ட பாலாடைக்கட்டிக்கும் மீனுக்கும் முட்டைக்கும்கூட அதே மோஹோ போதும். சீரகம் நசுங்குகிற வாசனை அறை முழுக்கப் பரவும்போது அந்த வாடகை அறை கொஞ்சம் என்னுடையதாக ஆனது.

இருந்தாலும் மாலை கஷ்டம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆறரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். வெளியே உணவகங்கள் இன்னும் திறந்திருக்காது, தெருவில் எல்லோரும் யாரோடாவது நடந்துகொண்டிருப்பார்கள். முதல் சில நாள் அடுப்பருகே நின்றபடியே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் மனம் இன்னும் கனத்தது. பிறகு தட்டு எடுத்து, தண்ணீர்க் குவளை வைத்து, பால்கனி மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஏழு மணிக்குச் சாப்பாடு, பிறகு துறைமுகம் வரை நடை. வயிறு நிறைந்தபின் நடந்தால், உணவகங்களின் வெளிச்சம் உள்ளே கூப்பிடுவதுமில்லை, வெளியே தள்ளுவதுமில்லை. பார்த்துக்கொண்டே போகலாம்.

மக்களோடு இருக்க வேண்டும் என்று தோன்றினால் அதற்குச் சாப்பாட்டு மேசையைவிட காஃபிக் கடை நல்லது. தினமும் பதினொரு மணிக்கு ஒரே கடை, அதே மூலை. பர்ராகீத்தோ என்று ஒரு காஃபி அந்தத் தீவின் பெருமை. கண்ணாடிக் குவளையில் அடியில் இனிப்புக் கட்டிப்பால், மேலே ஒரு மதுக் கலவை, காஃபி, பால் நுரை, எலுமிச்சைத் தோல், பட்டைப் பொடி என்று அடுக்கடுக்காக வரும். மது வேண்டாம் என்றாலும் செய்து தருவார்கள், நான் அப்படித்தான் குடித்தேன். ஆறாவது நாள் நான் வாய் திறப்பதற்கு முன்பே கடைக்கார அம்மா குவளையை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு வேறு யாரோடும் பேசவில்லை, ஆனாலும் அது தனிமையான நாளாகத் தோன்றவில்லை.

கடைசி நான்கு நாட்கள் புதிதாக எதுவும் வாங்காமல், ஃப்ரிட்ஜில் இருப்பதை எழுதிவைத்துக்கொண்டு அதிலேயே சமைத்தேன். கிளம்பும் நாள் மதியம் அதே கரும்பலகைக் கடைக்குப் போனேன். கீரைக் குழம்பு இருந்தது. பிறகு அறைக்கு வந்து, பிரிக்காத ஒரு கொண்டைக்கடலை ஜாடி, கால் பாட்டில் எண்ணெய், தேயிலை, சின்னக் கத்தி எல்லாவற்றையும் அலமாரியில் பழைய உப்புப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். அடுப்பின் பூட்டுப் படத்தை வரைந்து, எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, சாவியைச் சாவிப்பெட்டியில் போட்டேன்.